சென்றிக் கொப்பியும் சீஆர் கொப்பியும்

என்னிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. சிவப்பு முதுகு, தடித்த மட்டை, முதல் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் ரப்பர் முத்திரை. 2006 செப்டெம்பரில் சங்கக்கடைக் கிளையில் சீனி நிலுவை எழுதவென்று எடுத்தது. சீனி வராமற் போனதால் கொப்பி மிஞ்சியது. பிறகு அதில் நான் எழுதியதெல்லாம் ஆட்களைப் பற்றி.

போன மாதம் பெறாமகள் ஒருத்தி வந்தாள். சட்டம் படிக்கிறாள். “பெரியம்மா, போர்க்காலத்தில தேசியப் பாதுகாப்பையும் குடியியல் சுதந்திரத்தையும் எப்பிடிச் சமன் செய்யிறது எண்டு ஒரு கட்டுரை எழுதவேணும். உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே, சொல்லுங்கோ” என்றாள். சமன் என்றதும் எனக்குச் சங்கக்கடைத் தராசுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தட்டில் படிக்கல்லை வைப்பவரும் மறுதட்டில் அரிசியைப் போடுபவரும் ஒரே ஆள் என்றால் அந்த நிறுவையை யார் நம்புவது? அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அன்றிரவு சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா ரயில்வேயில் எழுதுவினைஞர், மாகோ சந்தியில் வேலை. 1983 ஜூலை வரை அங்கேதான் இருந்தோம். கலவரத்தோடு யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, கையில் ஒரு சூட்கேஸ், வாயில் நல்ல சிங்களம். அந்தச் சிங்களம் ஊரில் ஒன்றுக்கும் உதவாது என்றுதான் நினைத்தேன். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்து போய், அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது சந்திக்குச் சந்தி சென்றி, இராணுவக் காவலரண். அன்று தொடக்கம் ஒழுங்கையில் யாருக்காவது இராணுவ முகாமில் கதைக்க வேண்டியிருந்தால் என் படலையைத்தான் தட்டினார்கள்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கி, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. குடாநாடு தீவாகிவிட்டது. ஊரடங்கு, சங்கக்கடை வரிசை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அரை நாள். வெளியே போக வேண்டுமென்றால் இராணுவத்திடம் கிளியரன்ஸ், அதாவது அனுமதி, எடுக்க வேண்டும். விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதம், அடையாள அட்டைப் பிரதி, படம், முகாம் முத்திரை எல்லாம் சேர்ந்த பிறகு காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்குப் போகலாம். காசிருந்தால் பலாலியிலிருந்து விமானம்.

இனி அந்த விடியல். 2007 பங்குனி. முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி, எங்களிடமிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு இராணுவ ரோந்துக் குழு மீது கிளைமோர்க் கண்ணிவெடி வெடித்திருந்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டது. அப்படிச் சத்தம் கேட்டால் ஊர் செய்கிற வேலைகள் இரண்டு: அடுப்பை நூர்த்துவது, இளம் பிள்ளைகளை எண்ணுவது. விடியமுதல் நாலரை மணிக்கு நாய்கள் குரைத்தன. ஆம்பிளைகள் எல்லாரும் பிள்ளையார் கோயில் வீதிக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

சுற்றிவளைப்பு எப்படி நடக்கும் என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். வரிசை ஒவ்வொன்றாக எழும்பி ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்க வேண்டும். ஜீப்புக்குள் தலையாட்டி இருப்பான். முகத்தில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் பேச மாட்டான். சும்மா இருந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். தலை ஒருமுறை அசைந்தால் வாகனத்தில் ஏற வேண்டும். அவன் யார், எந்தக் கோபத்தில் ஆட்டினான், நித்திரைத் தூக்கத்தில் தலை விழுந்ததா என்று கேட்க ஒரு வழியும் இல்லை.

சித்தியின் மகனுக்குத் தலை அசைந்தது. அவனுக்கு இருபத்திரண்டு வயது, சைக்கிள் கடையில் வேலை.

சித்தி மண்ணில் விழுந்து அழுதா. நான் அழவில்லை, ஏனென்றால் கையில் ஒரு கடதாசி இருந்தது. 2006 ஜூலையில் ஜனாதிபதி ஆயுதப் படைகளுக்கும் பொலிசுக்கும் விடுத்த பணிப்புரையின் போட்டோக்கொப்பி. கைது செய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குத் தெரிவிக்க இடம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டுச் சாமான் வாங்க நகரத்துக்குப் போன ஒருநாள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் வாங்கி, நாலாக மடித்து, குடும்ப அட்டைக்குள் வைத்திருந்தேன்.

அதிகாரி முப்பது வயதுக்காரராக இருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது, நித்திரையில்லை. முதல் நாள் செத்தவர்களில் அவருடைய ஆட்களும் இருந்திருக்கலாம். “மாத்தயா, தம்பியைக் கொண்டுபோகிறீர்கள், சரி. உங்கள் பெயரை மட்டும் எழுதித் தாருங்கள், அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும்” என்று சிங்களத்தில் கேட்டேன். முதலில் முறைத்தார். பணிப்புரையை நீட்டினேன், வாசித்தார். பிறகு அதன் பின்பக்கத்திலேயே தன் பதவியையும் முதற்பெயரையும் எழுதி, கைக்கடிகாரத்தைப் பார்த்து 6.20 என்று போட்டார். எந்த முகாம் என்று எழுதவில்லை. நானும் நெருக்கவில்லை. ஒரு ஆளிடம் ஒரு தரத்தில் எவ்வளவு கேட்கலாம் என்பதும் ஒரு கணக்கு.

அந்த 6.20தான் கொப்பியில் நான் எழுதிய முதல் வரி.

அன்றைக்கு என்ன செய்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். முதலில் விதானையாரிடம் போனேன். ஆள் இந்த ஊர்க்காரன், இந்த முகவரி, இன்ன நேரம் கொண்டுபோனார்கள் என்று அவர் எழுதித் தந்தார். கை நடுங்கியது அவருக்கு, ஆனால் எழுதினார். பிறகு ஆணைக்குழு அலுவலகம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ அவசரகால விதிகளிலோ ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பார்கள் என்று நம்பிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. நாங்களே போய்ச் சொன்னால் அவர்கள் முகாமுக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அந்த ஒரு அழைப்பு, “இந்த ஆளை வெளியே ஒருத்தர் எண்ணிக்கொண்டிருக்கிறார்” என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிவிக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் படியிறங்கக் கூடாது. அதன் பிறகு செஞ்சிலுவைக் குழு அலுவலகம், அங்கும் பதிவு. கடைசியாகத்தான் சட்டத்தரணி.

சட்டத்தரணி ஐயா வயதானவர். நான் சொல்லச் சொல்ல, “அது இருக்கட்டும் பிள்ளை, என்ன உடுப்பு? சறம் என்ன நிறம்? காலிலை என்ன? வாகனத்திலை நம்பர் இருந்ததோ? மழையோ வெயிலோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆளைத் தேட வந்தால் செருப்பைக் கேட்கிறாரே என்று. “ஒருநாள் கோட்டிலை நிண்டு சொல்லேக்கை, பொய்யெண்டு சொல்லுறவன் இந்தச் சின்ன விஷயத்திலைதான் தடக்குவான்” என்றார். அன்றிலிருந்து கொப்பியில் ஒரு பத்தி கூட்டினேன்: உடுப்பு, செருப்பு, வானம்.

மூன்றாம் நாள் எனக்கு ஒன்று பொறி தட்டியது. கிளைமோர் வெடித்த அன்று பின்னேரம் தம்பி மண்ணெண்ணெய்க் கேனோடு சைக்கிளில் எங்கள் சந்திச் சென்றியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். அந்தச் சென்றியில் யார் போனாலும் வந்தாலும் அடையாள அட்டையை வாங்கி எழுதுவார்கள். மனுசரைச் சந்திக்குச் சந்தி இறக்கி நடக்கவிட்டு எழுதுகிற அந்தக் கொப்பியை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

சென்றியில் நின்றவன் சின்னப் பையன், இருபது இருக்கும். நான் அவனைச் சிங்களத்தில் ‘மல்லி’, தம்பி, என்று கூப்பிடுவேன், அவன் என்னை ‘அக்கே’ என்பான். மண்மூட்டை மேலே கிடந்தது அவனுடைய கொப்பி. ஒற்றை ரூல் கொப்பி, பள்ளிக்கூடப் பிள்ளை போலப் பிறவுண் பேப்பரில் உறை போட்டு, மூலை மடங்காமல் வைத்திருந்தான். உறை போடப் பழக்கிய அம்மா ஒருத்தி எங்கேயோ இருந்திருக்க வேண்டும். “மல்லி, அந்த நாளைப் பார்க்கலாமா?” என்றேன். தர முடியாது என்றான். கையில் வாங்க வேண்டாம், நீயே பிடித்துக்கொள், நான் தள்ளி நின்று பார்க்கிறேன் என்றேன். சந்தியில் ஒருவரும் வராத நேரம் பார்த்துப் பக்கத்தைப் புரட்டினான். தம்பியின் பெயரைச் சிங்களத்தில் பிழையாக எழுதியிருந்தான், ஆனால் அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் சரி. நேரம் 5.40. வெடித்தது 5.45க்கு, இரண்டு மைலுக்கு அப்பால். மண்ணெண்ணெய்க் கேனோடு சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் யார் போவது?

வீட்டுக்கு வந்து சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். மன்றாடவில்லை. இன்ன சென்றியின் பதிவுக் கொப்பியில், இன்ன திகதிக்குரிய பக்கத்தில், இன்ன இலக்கத்தைத் தயவுசெய்து பாருங்கள் என்று மட்டும். மல்லியின் பெயரைச் சொல்லவில்லை. பதிவு இருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஒரு பிரதி முகாமுக்கு, ஒன்று ஆணைக்குழுவுக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு. ஒன்பதாம் நாள் தம்பி வந்தான். கடிதத்தால் வந்தானா, தொலைபேசி அழைப்பால் வந்தானா, சும்மா இடமில்லாமல் விட்டார்களா என்று என்னால் சொல்ல முடியாது. அவனும் அந்த ஒன்பது நாளைப் பற்றி இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. சிங்களத்தில் இருந்த இரண்டு கடதாசியில் கையெழுத்து வைத்ததாக மட்டும் சொன்னான். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “தெரியாதக்கா, பேனையைத் தந்தாங்கள்” என்றான்.

வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைத்தால் என்ன வரும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பார்த்தால் போதும். சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலம்தான் அவருக்கு எதிரான முக்கிய சான்று. 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. சாதாரண வழக்கில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் ஏற்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தால் ஏற்கும். அடித்து வாங்கியது என்று காட்டும் பொறுப்பு அடிவாங்கியவருடைய தலையில். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் அவருடைய உரிமை மீறப்பட்டது என்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அந்த முடிவு இங்கே செல்லாது என்றது. அதனால் ஊரில் எல்லாருக்கும் நான் சொல்லிவந்தது: வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாமல் வற்புறுத்தினால், கையெழுத்துக்கு மேலே தமிழில் ‘எனக்கு வாசித்துக் காட்டவில்லை’ என்று எழுதப் பாருங்கள். அடி விழுகிற இடத்தில் இது நடக்குமா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் சில இடங்களில் கையெழுத்தை எடுப்பவனுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பெறாமகள் இந்த இடத்தில் கேட்டாள்: “அப்ப நீங்கள் சென்றியை எதிர்க்கேல்லையோ?”

நல்ல கேள்வி. கிளைமோர் வெடிக்கிற வீதியில் வாகனத்தை நிறுத்திப் பார்க்க வேண்டாம் என்று யார் சொல்வது? 2005 டிசம்பரில் கோண்டாவிலிலும் இருபாலையிலும் வெடித்தவற்றுக்குப் பிறகு அந்த வீதிகளால் பள்ளிக்கூடம் போன எங்கள் பிள்ளைகளுக்கும் பயம்தான். கொப்பியில் பெயர் எழுதுவது எனக்குத் தொந்தரவு, அவமானமும்கூட. ஆனால் அதில் நேரம் இருக்கிறது, எழுதியவன் இருக்கிறான், பிறகு திருப்பிப் பார்க்கலாம். தலையாட்டியின் தலையை யார் திருப்பிப் பார்ப்பது? அவன் தலையும் பாதுகாப்பு என்ற பெயரில்தான் ஆடியது.

இந்த அளவுகோலை நான் எல்லாப் பக்கமும் வைத்துத்தான் பார்க்கிறேன். 1990 முதல் 1995 வரை குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் வெளியே போகப் பாஸ் வேண்டும். பெரியப்பா கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போக எடுத்தபோது பிணைக்கு ஆள் கேட்டார்கள். அவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். ஊரைவிட்டு ஆட்கள் போய்விட்டால் போராட்டத்துக்குப் பலம் குறையும், அதுதான் காரணம். காரணம் விளங்கியது. ஆனால் கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. அதையாவது தாங்கலாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். யாருடைய குற்றத்துக்கு, எத்தனை காலத்துக்கு? அதற்கும் பாதுகாப்பைத்தான் காரணம் சொன்னார்கள். எங்களுக்குத் தைத்துத் தந்த தையற்காரர் சோனகத்தெருவில் இருந்தவர். அம்மாவின் இரண்டு சட்டைத் துணி அவரிடம் இருந்தது. அன்றைக்கு நாங்கள் துணியைப் பற்றித்தான் கதைத்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதினேழு வருடம் கழித்து எங்களுக்கும் அதே மாதிரி நடந்தது. 2007 ஜூன் 7, கொழும்பில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் நிற்கிறார்களாம். கிளியரன்ஸ் எடுத்து, கப்பலேறி, பாஸ்போட்டுக்கும் வைத்தியத்துக்கும் போனவர்கள் அவர்கள். அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பிரதமர் வருத்தமும் தெரிவித்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த மாதமே ஒரு நீதிமன்றத்தால் ஒரே நாளில் நிறுத்த முடிந்தது என்பதைப் பெறாமகளுக்கு இரண்டு தரம் சொன்னேன். சண்டைக் காலத்தில் சட்டம் வாயைத் திறக்காது என்று சொல்பவர்கள் அந்த வெள்ளிக்கிழமையை மறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னும் நடந்திருக்கிறது: பொலிஸ் அனுமதியில்லாமல் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது என்ற அவசரகால விதியை 1987இல் அதே நீதிமன்றம் செல்லாது என்றது. வவுனியாவில் சிதம்பரபுரம் முகாமிலிருந்து நடமாட விடவில்லை என்று ஒருவர் போட்ட வழக்கில் 2002இல் அவருடைய நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டது என்றது. போனால் எப்போதும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. போகாதவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

ஆனால் போவதற்குக் கால எல்லை ஒரு மாதம். உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டும், அதுவும் கொழும்பில். ஏ9 மூடியிருந்த காலத்தில் கப்பலில் இடம் கிடைக்கவே மூன்று கிழமை போகும். இதற்குத்தான் ஆணைக்குழுவின் முறைப்பாட்டு இலக்கம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம் இது தெரியாமல் நாற்பதாம் நாள் வந்து என் கதவைத் தட்டியது. பிடித்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிற ஆட்கொணர்வு மனுவுக்கு இப்படிக் கால எல்லை இல்லை. அதை யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றத்திலேயே போடலாம்.

இன்னொன்று, தேடிப் போகிற விதம். 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வந்த கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அது நீதிமன்றத்துக்குப் போய் 1998இல் தண்டனை கிடைத்த அபூர்வமான வழக்கு. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் சொன்னதை வைத்துத்தான் 1999இல் செம்மணியில் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்தது: யாரையாவது கேட்டு முகாமுக்குப் போனால் ஐந்து பேருக்குக் குறையாமல், பட்டப்பகலில், முக்கால்வாசியும் பெண்கள். போகுமுன் எங்கே போகிறோம் என்று கோயில் ஐயரிடமோ ஃபாதரிடமோ சொல்லிவிட்டுத்தான் போவோம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் வெளியே கண்ணில் படுகிறமாதிரி நிற்போம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. யுத்தம், அவசரகாலம் என்று எதைச் சொல்லியும் அதைக் குறைக்க முடியாது. நடமாட்டம், பேச்சு, கூட்டம் சேர்தல், ஏன் கைது பற்றிய உறுப்புரையைக்கூட, தேசியப் பாதுகாப்புக்காக மட்டுப்படுத்தலாம் என்று 15(7)இல் இருக்கிறது. ஆக, என்னை மறிக்கலாம், சோதிக்கலாம், அடிக்க முடியாது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மறிப்பதற்கு முடிவு திகதி இல்லாவிட்டால் அடிப்பதற்கு வாய்ப்பு வருகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொல் உண்டு. 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரில் தற்காலிகம் அப்படியே இருக்கிறது, நான் கிழவியாகிவிட்டேன். அமைச்சரின் கட்டளையில் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது 2022இல் 12 மாதமானது. அவசரகாலச் சட்டமாவது மாதாமாதம் பாராளுமன்றத்தில் கைதூக்க வேண்டும். 2011 ஓகஸ்ட்டில் கைதூக்காமல் விட்டதும் காலாவதியானது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

கொப்பி விஷயத்தில் என்னையே எதிர்த்து ஒன்று சொல்ல வேண்டும். 2011 தொடக்கத்தில், யுத்தம் முடிந்து ஒன்றரை வருடத்துக்கு மேலான பிறகு, யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வீட்டுக்கு வீடு படிவம் வந்தது. குடும்பத்தில் யார் யார், என்ன வேலை, படம். ‘பதிவு இருந்தால் நல்லதுதானே’ என்று என் பழைய அனுபவத்தில் நானே சிலருக்குச் சொன்னேன். சைக்கிள் கடைத் தம்பிதான் கேட்டான்: “அக்கா, வெடிக்கிறதுக்கு இப்ப என்ன இருக்கு? ஏன் படம்?” பதில் சொல்ல முடியவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மார்ச் மாதம் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதி கொடுத்தது. சென்றிக் கொப்பி பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதற்காக எல்லாக் கொப்பியும் நல்லது என்று நினைத்தது என் பிழை.

என்னுடைய கொப்பியும் ஆபத்தானதுதான். அது ஒரு முகாமில் பிடிபட்டிருந்தால் நானும் ஒரு வரியாகியிருப்பேன். அதனால் பெயர்களை முதலெழுத்தாகவும் சங்க அங்கத்துவ இலக்கமாகவும் எழுதினேன். பக்கத்தின் மேலே ‘சீனி நிலுவை’ என்றே தலைப்பு. கொப்பி கிடந்தது சங்கக்கடை அரிசிப் பெட்டிக்கு அடியில். மாதம் ஒருமுறை கைப்பிரதி எடுத்து, ஊருக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துவைத்தேன். இன்றைக்கு எழுதுபவர்கள் ஃபோனில் எழுதுவார்கள். ஃபோனைத்தான் முதலில் பறிப்பார்கள் என்பதை யோசித்து எழுதட்டும்.

மொத்தம் பதினேழு வரி. ஒரு வரியைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். பத்தொன்பது வயதுப் பையன், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று பயந்து, தானாகவே ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்ச் சரணடைந்தான். நீதவான் அவனைப் பாதுகாப்புக்காக யாழ்ப்பாணச் சிறைக்கு அனுப்பினார். அவனைப் போல 2006, 2007இல் நிறையப் பேர் போனார்கள். அவனைச் சந்தித்துவிட்டு வந்த தாய் சிரித்த முகமாக, “இரவிலை நித்திரை கொள்ளுறானாம்” என்றா. சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல், ‘வந்த திகதி’ பத்தியில் அவன் சிறைக்குப் போன திகதியைத்தான் எழுதினேன்.

அந்தப் பத்தி மூன்று வரியில் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒருவரின் தாய் எங்கள் பின்ஒழுங்கை அக்கா. ஒவ்வொரு வருடமும் மகன் போன நாளில் வந்து அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்பா. அவவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் நான்தான் வாசிக்க வேண்டும்.

2025இல் செம்மணியில் திரும்பத் தோண்டினார்கள். எலும்புகளோடு எடுத்த உடுப்பு, செருப்பு, சின்னப் பிள்ளையின் புத்தகப் பை எல்லாவற்றையும் ஓகஸ்ட் 5ஆம் திகதி சனங்கள் வந்து அடையாளம் காட்டலாம் என்று அறிவித்தார்கள். முதல் நாள் பின்னேரம் அக்கா வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தா. அவவின் மகன் போனது 2007இல், அங்கே இருப்பவை அதற்கும் முந்தியவையாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கொப்பியை எடுத்து வந்தேன்.

“காலை 5.50. மழை இருட்டு. நீலக் கோட்டுச் சறம், வெள்ளை பெனியன். நீல வார்ச் செருப்பு, ஒரு வார் கம்பியாலை கட்டினது.”

“இடதோ வலதோ எண்டு எழுதினனியே?”

“இடது எண்டு இருக்கக்கா.”

“ஓம், இடது” என்று எழும்பி, அடுத்த நாள் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டா.